ஏழாம் வீட்டுக் கிண்ணம்

ஹோல்பி கிராமம், லெஸ்டர்ஷயர்
26 ஜனவரி 1652

தம்பி ஆம்ப்ரோஸுக்கு,

ஏழு வருஷமாக ஒரு வரி எழுதாத அக்கா இப்போது எழுதுகிறாளே, ஏதோ இழவு விழுந்துவிட்டது என்று நினைப்பாய். யாரும் சாகவில்லை. கிண்ணம் காணாமல் போய்விட்டது. எந்தக் கிண்ணம் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மாவின் வெள்ளிக் கிண்ணம், இரண்டு கைப்பிடி வைத்தது, எதற்காக நீ அப்பாவைப் புதைத்த அன்றைக்கே கோபித்துக்கொண்டு லண்டனுக்குப் போனாயோ, அது.

வருஷத்தில் இரண்டு முறைதான் பெட்டியைத் திறந்து அதை எடுப்போம். போன வாரம் உன் அத்தான் திறந்தார். துணி இருந்தது, கிண்ணம் இல்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டோம். வெள்ளி தேய்க்கிறவள் எங்கள் வேலைக்காரப் பெண் ஜூடித். அதனால் உன் அத்தானின் கண் அவள் மேல் இருக்கிறது. அவள் எடுத்திருக்க மாட்டாள் என்று நான் சொல்கிறேன். இரண்டு வருஷமாக என் அடுப்படியில் இருக்கிறாள், ஒரு துண்டு ரொட்டி கேட்காமல் எடுத்ததில்லை.

அதற்குள் நான்தான் சொன்னேன், தம்பியிடம் கேட்டுப் பார்க்கலாம், காணாமல் போன குதிரையையும் கரண்டியையும் கண்டுபிடித்துத் தருகிறானாம், லண்டனில் அவன் வாசலில் கூட்டம் நிற்கிறதாம் என்று. உன் அத்தான் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதை வரிக்கு வரி படித்துக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதையும் அப்படியே எழுதச் சொல்கிறார்: "நட்சத்திரத்தை எண்ணிக் கஞ்சி குடிக்கிறவனோட வித்தை மெய்யா பொய்யான்னு இப்பத் தெரிஞ்சுடும்."

கிறிஸ்துமஸ் கொண்டாடக் கூடாது என்று சட்டம் வந்த பிறகும் டிசம்பரில் உனக்குப் பாலாடைக்கட்டி அனுப்புவதை நான் நிறுத்தவில்லை. இந்த வருஷப் பெட்டி வந்து சேர்ந்ததா? பிரித்தாயா? இந்த முறை ரொம்பப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். வைத்திருந்தால் கெட்டுப்போகும். உடனே பிரித்துவிடு.

அக்கா,
தாபித்தா


லண்டன்
3 பிப்ரவரி 1652

அக்காவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. பிரிக்கவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்க மனம் வரவில்லை, அதை மறைப்பானேன். இன்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்குப் பிரித்தேன்.

நேரத்தை எழுதுவது வீம்புக்காக அல்ல. ஒருவர் கேட்ட கேள்வி எந்த நொடியில் ஜோசியனுக்குப் புரிகிறதோ, அந்த நொடிக்குத்தான் கட்டம் போட வேண்டும். கடிதமாக வந்தால், பிரித்துப் படித்த நொடி. பொருள் எப்போது தொலைந்தது என்பது எனக்குத் தேவையே இல்லை. அத்தானுக்கு இதைப் படித்துக் காட்டு.

ரிஷபம் உதயமாகிக்கொண்டிருந்தது. உன் பொருளைக் காட்டுகிற புதன் உன் வீட்டுப் பக்கமே இல்லை. ஏழாம் வீட்டுக்காரனான செவ்வாயின் பிடியில் இருக்கிறது. களவுக் கேள்வியில் ஏழாம் வீடு திருடனுடையது. ஆகவே கிண்ணம் தவறிப்போய் எங்கும் விழவில்லை, ஒருவர் கையில் இருக்கிறது. அந்த ஆளின் அடையாளம்: சிவப்பு முடி, வெளுத்த தோல், இடது புருவத்தில் தழும்பு, எடுத்தெறிந்து பேசும் வாய். அடுத்தவருக்கு உழைத்துப் பிழைக்கும் ஆள். கிண்ணம் இருக்கும் இடம் தாழ்வானது, தரையோடு ஒட்டியது, வெளிச்சம் குறைவு. பக்கத்தில் தோல் சாமான், கயிறு. ஏதோ புளித்த வாசனை.

உன் வீட்டு வேலைக்காரப் பெண்ணை நான் பார்த்ததில்லை. அவள் முடி என்ன நிறம் என்றும் நீ எழுதவில்லை. எனக்குக் கட்டத்தில் தெரிந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இவ்வளவு தெளிவான கட்டம் எனக்கு நாலைந்து முறைதான் அமைந்திருக்கிறது.

கிண்ணம் போனதில் எனக்கு வருத்தம் உண்டா என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆம்ப்ரோஸ்


ஹோல்பி
12 பிப்ரவரி 1652

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தான் முதலில் தனக்குள் படித்தார். பிறகு எனக்குப் படித்துக் காட்டினார். பிறகு சாராயக்கடைக்கு எடுத்துக்கொண்டு போய் ஊருக்கே படித்துக் காட்டினார். உன்னை ஏழு வருஷமாகப் பித்தலாட்டக்காரன் என்று சொன்ன அதே வாய், "என் மச்சினன் பெரிய ஆளுய்யா, ஆளைப் பார்க்காமலே அங்கம் அங்கமா எழுதியிருக்கான் பாரு" என்கிறது.

ஜூடித்துக்குச் சிவப்பு முடி.

"தழும்பு இல்லையே" என்றேன்.

"மூஞ்சி பூரா புள்ளி புள்ளியா இருக்கே, அது போதாதா உனக்கு?" என்றார்.

"எடுத்தெறிஞ்சு பேசுற வாயாம். இது வாயைத் திறந்தே நான் பார்த்ததில்லை" என்றேன்.

"திருடுறவ வாயைத் திறப்பாளா?" என்றார்.

அவள் படுக்கிறது அடுக்களைக்குப் பின்னால், பழைய சேணமும் கயிறும் போட்டு வைத்திருக்கிற இடத்தில். மோர்ப் பானைகளும் அங்கேதான் இருக்கின்றன. அவரும் கூட வந்த ஊர்க்காரர்களும் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்கள், தோல், கயிறு, புளித்த வாசனை. கிண்ணம் மட்டும் அங்கே இல்லை. அதற்குள் விற்றிருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நேற்றுக் காலை காவல்காரர் வந்து அவளை லெஸ்டர் சிறைக்குக் கொண்டுபோனார். அவளுக்குக் கையில் ஒரு போர்வை கொடுத்தேன். "அம்மா, நான் எடுக்கலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள். தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். உன் அத்தான் பக்கத்தில் நின்றார்.

மார்ச் பதினொன்றாம் தேதி நீதிபதி லெஸ்டருக்கு வருகிறார். பன்னிரண்டு பென்ஸுக்கு மேல் திருடினால் தூக்கு என்று உனக்குத் தெரியும். கிண்ணம் எத்தனையோ மடங்கு பெறும்.

தம்பி, நீ தப்பாகப் பார்த்திருக்கிறாய். உன் அறையில் முகம் பார்க்கிற கண்ணாடி இருக்குமே, அதன் முன்னால் உட்கார்ந்து உன் கடிதத்தை மறுபடி ஒருமுறை நினைத்துப் பார். இன்னொரு கட்டம் போடு. அதற்கு முன்னால் பசியாறு. பாலாடைக்கட்டி எப்படி இருக்கிறது என்று போன கடிதத்தில் கேட்டேன், நீ பதிலே எழுதவில்லை.

தாபித்தா

(இப்போதும் அவர் படித்துவிட்டார். "கண்ணாடி எதுக்கு?" என்றார். "அவனுக்குத் தலைக்கனம் ஜாஸ்தி, அதுக்குத்தான்" என்றேன். சிரித்தார்.)


லண்டன்
20 பிப்ரவரி 1652

அக்காவுக்கு,

ஒரே கேள்விக்கு இரண்டாவது கட்டம் போட மாட்டேன். பிடிக்கிற பதில் வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு இது தாயக்கட்டை அல்ல. முதல் கேள்வி முதல் கேள்விதான்.

அந்தப் பெண்ணுக்காக வருந்துகிறேன். ஆனால் நான் அவள் பெயரை எழுதவில்லை. அடையாளத்தைத்தான் எழுதினேன். அது அவளுக்குப் பொருந்தினால் நான் என்ன செய்ய? தழும்பு இல்லை என்கிறாய். முடிக்குள் இருக்கலாம், சரியாகப் பார்க்கச் சொல்.

கண்ணாடியைப் பார் என்று எழுதியிருக்கிறாய். கிண்டல் உனக்குப் பிறவிக் குணம். சாவு வீட்டில்கூட நீ விடவில்லை. "கிண்ணம் உனக்கு எதுக்குடா, நட்சத்திரத்தை அள்ளி வைக்கவா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாய், அத்தான் கைதட்டிச் சிரித்தார். எனக்கு அது வெள்ளி என்பதற்காக வேண்டியதில்லை, அக்கா. அம்மைக் காய்ச்சலில் ஒரு மாதம் கிடந்தபோது அம்மா எனக்கு அந்தக் கிண்ணத்தில்தான் கஞ்சி புகட்டினாள். "இது உனக்குத்தான்டா" என்று சொன்னாள். வேறு யாரும் கேட்கவில்லை. அதனால் யாரும் நம்பவில்லை.

பாலாடைக்கட்டி, பாலாடைக்கட்டி என்று இரண்டு கடிதத்திலும் கேட்கிறாய். ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடும்போது இது என்ன பேச்சு? சரி, கேட்டதால் சொல்கிறேன். ஏழு வருஷமாக நீ அனுப்பிய எதையும் நான் வாயில் வைக்கவில்லை. அத்தான் வீட்டு மாட்டின் பால் எனக்கு இறங்காது. வழக்கமாக வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடுவேன். இந்த வருஷம் அவளுக்குப் பல் எல்லாம் போய்விட்டது, வேண்டாம் என்றாள். கட்டிய கயிறுகூட அவிழ்க்காமல் என் மேஜைக்கு அடியில் கிடக்கிறது. பக்கத்தில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அதன் மேல் காலை நீட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நாற்றம் தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் ஆற்றில் வீசப் போகிறேன்.

ஆம்ப்ரோஸ்


ஹோல்பி
28 பிப்ரவரி 1652

ஆம்ப்ரோஸ்,

வீசாதே. வீசாதே. வீசிவிட்டால் அந்தப் பெண்ணைக் கொன்றவர்கள் நாம் இருவரும்தான்.

கிண்ணம் அதற்குள்தான் இருக்கிறது. பாலாடைக்கட்டியின் நடுவைக் குடைந்து, கிண்ணத்தைத் துணியில் சுற்றி வைத்து, குடைந்ததை மேலே வைத்து மூடினேன். வண்டிக்காரன் கை நீளம், அதனால். உனக்குத்தான் அனுப்பினேன். அம்மா சொன்னதை நான் கேட்கவில்லை, நிஜம். ஆனால் நீ பொய் சொல்கிறவன் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அத்தனை பேர் சிரித்தார்களே என்று நானும் சேர்ந்து பேசிவிட்டேன். ஏழு வருஷமாக அது என்னைக் குத்துகிறது. சட்டப்படி மனைவியிடம் இருப்பதெல்லாம் புருஷனுடையது, கேட்டால் கொடுக்க மாட்டார். கேட்காமல் அனுப்பினேன். நீ பிரித்துப் பார்த்து ஒரு வரி எழுதுவாய் என்று காத்திருந்தேன். நீ எழுதவில்லை. அதற்குள் அவர் பெட்டியைத் திறந்துவிட்டார்.

அவர் பார்க்கப் பார்க்க எழுதிய கடிதங்களில் எவ்வளவுதான் சொல்ல முடியும்? பிரி, பிரி என்று தலையால் அடித்துக்கொண்டேன்.

நேற்று உன் இந்தக் கடிதம் வந்ததுமே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, சிரித்தார். "அந்தக் குட்டியைக் காப்பாத்த நீ கதை கட்டுறே. உனக்கு இளகின மனசு" என்றார். "சத்தியமா நான்தான் அனுப்பினேன்" என்றேன். "அப்ப உன் தம்பி எழுதினது பொய்யா? கையில கிண்ணத்தை வச்சுக்கிட்டா சிவப்பு முடி திருடின்னு எழுதுவான்?" என்றார். பாதிரியாரை வரவழைத்துச் சொன்னேன். அவரும் உன் முதல் கடிதத்தைத்தான் நம்பினார். இத்தனை வருஷம் இவர்கள் கண்ணெதிரே வாழ்கிற என் பேச்சுக்கு மதிப்பில்லை, லண்டனிலிருந்து வந்த காகிதத்துக்கு இருக்கிறது.

நானே லெஸ்டருக்குப் போயிருப்பேன். இருபத்துநாலாம் தேதி பால் அறைப் படியில் பனியில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இந்தக் கடிதத்தைக் கம்பளி வியாபாரியின் மனைவியிடம் கொடுத்தனுப்புகிறேன், அவர் கண்ணில் படாமல்.

சிவப்பு முடி, இடது புருவத்தில் தழும்பு. ஆறு வயதில் கிணற்றுக் கல்லில் விழுந்து புருவத்தைப் பிளந்துகொண்டாய். இரத்தம் சொட்டச் சொட்ட இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள் நான். என்னிடமே எழுதுகிறாயே, தடியா.

பதினொன்றாம் தேதி வியாழக்கிழமை. கிண்ணத்தை யாரிடமும் கொடுத்து அனுப்பாதே. நீயே வா.

தாபித்தா


லண்டன்
5 மார்ச், காலை

அக்கா,

பிரித்தேன். இருக்கிறது.

குதிரை கேட்டிருக்கிறேன். மதியத்துக்குள் கிளம்பிவிடுவேன்.

ஆ.


லெஸ்டர்
11 மார்ச் 1652, மாலை

அக்காவுக்கு,

ஜூடித் விடுதலை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் படி.

வழியில் ஆற்றில் வெள்ளம், பாலம் இல்லை. இரண்டு நாள் வீணாயிற்று. நேற்று இருட்டுகிற நேரத்துக்குத்தான் ஊருக்குள் வந்தேன். இன்று காலை ஆறு பேருடைய வழக்கு. அவளுடையது நாலாவது. முதல் மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தூக்கு. ஒருவன் செம்மறியாடு திருடியவன், இன்னொருவன் துணி.

அத்தான் என் கடிதத்தை நீதிபதியிடம் நீட்டினார். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதெல்லாம் சாட்சி ஆகாது" என்றார். ஆனால் படித்தார். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் அவர் படித்ததைக் கேட்டார்கள். கேட்டபிறகு எல்லாரும் அவளுடைய தலைமுடியைத்தான் பார்த்தார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்க் கிண்ணத்தை மேஜை மேல் வைத்தேன். இன்னமும் பாலாடைக்கட்டி வாடை அதை விட்டுப் போகவில்லை.

"நீ யாருய்யா?" என்றார் நீதிபதி.

"இந்தக் கடிதத்தை எழுதினவன், ஐயா."

"ஜோசியக்காரனா? திருடனைக் கண்டுபிடிச்சுட்டு இப்ப கிண்ணத்தையும் கண்டுபிடிச்சுட்டியா?"

"கிண்ணம் டிசம்பர்லேர்ந்து என் கால்மாட்டுலதான் இருந்திருக்கு, ஐயா. என் அக்கா எனக்கு அனுப்பினது. நான் பிரிச்சுப் பார்க்கலை."

"அப்ப இதுல சிவப்பு முடி, தழும்புன்னு எழுதியிருக்கே, அது யாரு?"

தொப்பியைக் கழற்றினேன். "நான்தான் ஐயா" என்றேன்.

மன்றம் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்ததை நான் கேட்டதில்லை. காவல்காரர் தடியைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார். அத்தான் சிரிக்கவில்லை. அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

அங்கே சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். கட்டம் பொய் சொல்லவில்லை, அக்கா. ஏழாம் வீடு திருடனுடையது. ஆனால் கேள்வி கேட்டவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற ஜோசியனுடையதும் அதுதான். ஏழாம் வீட்டைத் தொடும் முன்னால் உன்னை நீ பார்த்துக்கொள் என்பது எங்கள் தொழிலில் முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம். தாழ்வான இடம், தோல், கயிறு, புளித்த வாசனை என்று எழுதும்போது என் கால் எதன் மேல் இருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கும் அத்தானுக்கும் முன்னால் என் வித்தையைக் காட்ட வேண்டும் என்ற வெறியில் இருந்தேன். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் போதும். பொறுக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இதில் ஒரு கூத்து. வெளியே வந்தால் மூன்று பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்திக்குக் கல்யாண மோதிரம் காணோமாம், ஒருவனுக்குப் பசு. நான் தப்பாகச் சொன்னதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான். "ஆனா அங்க அடையாளம் சரியா இருந்துச்சே" என்கிறார்கள்.

ஜூடித் சிறை வாசலில் உன் போர்வையோடு நின்றாள். மன்னிப்புக் கேட்டேன். என் புருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வலிச்சுதா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "அடிபட்டப்ப" என்றாள். ஆமாம் என்றேன். உன் வீட்டிலிருக்கும் தன் துணிமணியை எடுக்க வருவதாகச் சொன்னாள்.

கிண்ணத்தை நீதிபதி அத்தானிடம் கொடுத்துவிட்டார். அதுதான் சட்டம். எனக்கு வேண்டாம். நீ அனுப்பினாய் என்பதே எனக்குப் போதும். கால் எப்படி இருக்கிறது?

தம்பி,
ஆம்ப்ரோஸ்


ஹோல்பி
19 மார்ச் 1652

தம்பி ஆம்ப்ரோஸுக்கு,

கால் தேவலை. கோல் ஊன்றி நடக்கிறேன்.

உன் அத்தான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கிண்ணத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். "உன் தம்பி வர்றப்ப எடுத்துக்கச் சொல்லு. வண்டியில அனுப்பாதே" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது, உனக்குத் தெரியும். கோடையில் வா. மாட்டுப்பால் இறங்காவிட்டால் ஆட்டுப்பால் தருகிறேன்.

ஜூடித் திங்கட்கிழமை வந்தாள். மெலிந்துவிட்டாள், முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள், பேன் என்று. உன் அத்தான் எழுந்து நின்றார். வேலைக்காரிக்காக அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. "இங்கேயே இரும்மா, உனக்கு மாடி அறை தர்றேன்" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். போர்வையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதை என் கையில் கொடுத்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னோடு சண்டை, பாலாடைக்கட்டி, கடிதம், அவருக்குப் பயந்தது, அவர் நம்பாமல் போனது, ஒன்று விடாமல். அழுதேன். அவள் அழவில்லை. துணிகளைக் கட்டிக்கொண்டே கேட்டாள். கட்டி முடித்துவிட்டு மேஜையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இது காணோம்னதும் லண்டன் வரைக்கும் எழுதித் தேடினீங்க அம்மா. நானும் ஒரு மாசம் இந்த வீட்டுல இல்லை. ஒரு நாள் வந்து பார்க்கலையே."

"கால் பிசகிடுச்சும்மா" என்றேன். கோலைக் காட்டினேன்.

"ஓ" என்றாள். நம்பிவிட்டாள். "பார்த்து நடங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை.

லெஸ்டர் இங்கிருந்து பதினாலு மைல். அவளைக் கொண்டுபோனது பிப்ரவரி பதினொன்றாம் தேதி. நான் விழுந்தது இருபத்துநாலாம் தேதி. நடுவில் பதின்மூன்று நாள் என் கால் நன்றாகத்தான் இருந்தது.

அக்கா,
தாபித்தா